அம்மாவ வரைஞ்சா சித்தி மொகம் வருது, எங்க தப்பு பண்றேன்?

சேலம்_செல்வி
வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போய்ட்டிருந்தேன், இப்பத்தான் மொதல் தடவ எழுதறேன். வயசு 39. ஸ்கூல் முடிச்சப்புறம் பென்சில தொட்டதே இல்ல, போன தை மாசம் பையனோட டிராயிங் நோட்ல மீந்து கெடந்த பக்கத்துல ஒரு கண்ணு வரைஞ்சேன், அன்னைலருந்து ராத்திரி அடுப்படி வேல முடிஞ்சதும் ஒரு மணி நேரம் இதுக்குத்தான். கண்ணு, மூக்கு, உதடு எல்லாம் தனித்தனியா போட்டா ஓரளவு வருது. மொகமா சேத்தா வேற யாரோ வந்துடறாங்க.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், எங்க அம்மாவ வரையணும். அவங்களுக்கு 68 வயசு. ஒம்பது மணிக்கு மேல சீரியல் முடிஞ்சதும் எதிர்ல உக்காந்துப்பாங்க, அசையாம இருப்பாங்க, அதுல ஒரு குறையும் இல்ல. இதுவரைக்கும் ஏழு தடவ போட்டாச்சு. ஏழாவத கைல வாங்கி டியூப்லைட் கிட்ட கொண்டு போய் பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு கண்ணு, சின்னவள அப்படியே போட்டிருக்கியே"ன்னாங்க. சின்னவன்னா எங்க சித்தி, அம்மாவ விட பன்னெண்டு வயசு சின்னவங்க. சித்தி இருக்கறது ஓசூர்ல, அவங்கள நான் வரையணும்னு நெனச்சது கூட இல்ல.

அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன். தலையோட மொத்த உயரத்துல பாதில கண்ணு. முடி ஆரம்பிக்கற எடத்துலருந்து புருவம், புருவத்துலருந்து மூக்கு அடி, மூக்கு அடிலருந்து தாடை, மூணும் சம பங்கு. ரெண்டு கண்ணுக்கு நடுவுல ஒரு கண்ணு எடம். எல்லாம் ஸ்கேல் வெச்சு பாத்துட்டேன். அப்புறம் எப்படி இப்படி ஆகுது?

கரிக்கட்டி
வாங்க செல்வி. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், சித்தி மொகம் வருதுன்னா நீங்க நல்லாவே வரையறீங்கன்னு அர்த்தம். ரெண்டு பேருக்கும் ஒரே எலும்பு வாகு, குடும்ப ஜாடைய உங்க கை பிடிச்சிருச்சு. ஆளுதான் இன்னும் பிடிபடல. நான் மூணு வருஷம் வரைஞ்சப்புறம்தான் குடும்ப ஜாடையே கிட்ட வந்துச்சு.

அந்த மூணு பங்கு, மொகத்தோட அகலம் அஞ்சு கண்ணு அகலம்ங்கறது, இதெல்லாம் பொதுவான ஒரு மனுஷனோட கணக்கு. அத வெச்சு போட்டா பொதுவான ஒரு மனுஷன்தான் வருவான். அம்மா அந்த கணக்குலருந்து எங்கெங்க விலகறாங்களோ அங்கதான் அம்மா இருக்காங்க. கணக்கு தெரிஞ்சிருக்கறது நல்லதுதான், கண்ண நெத்தில கொண்டு போய் வெக்காம இருக்க அது உதவும். ஆரம்பத்துல நாம எல்லாரும் அப்படித்தான் வெக்கறோம், கண்ணு மூக்கு வாய் மேலயே கவனம் இருக்கறதால அத பெருசா போட்டுட்டு, நெத்தி, உச்சந்தலைக்கு எடமே விடறதில்ல. அந்த தப்பு நீங்க பண்ணல. அடுத்த படிக்கு வந்துட்டீங்க.

ஒண்ணு பண்ணுங்க, அம்மாவோட போட்டோ ஒண்ணு நேரா எடுத்து பிரிண்ட் போட்டு, அதுல அந்த மூணு பங்க அளந்து நம்பர இங்க போடுங்க. போட்டோ எடுக்கறப்ப மொபைல மொகத்து கிட்ட கொண்டு போகாதீங்க, கிட்ட போனா மூக்கு பெருசா, காது பின்னால போன மாதிரி விழும். ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுங்க, லென்ஸ் அவங்க கண்ணு மட்டத்துல இருக்கணும்.

பிரஷ்_மகன்
எதுக்கு இவ்வளவு சுத்தணும், கட்டம் போட்டு வரைங்க. எங்கப்பா மதுரைல சினிமா பேனர் வரைஞ்சவர். கைல சின்ன ஸ்டில்லு ஒண்ணு இருக்கும், அது மேல ஒரு இஞ்ச் கட்டம், துணில ஒரு அடி கட்டம், அவ்ளோதான். துணில கோடு போட ஸ்கேல் கிடையாது, நூல்ல நீலப்பொடி தடவி ரெண்டு பேரு ரெண்டு முனைய இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நடுவுல சுண்டி விட்டா நேர் கோடு விழுந்துரும். சின்ன வயசுல அந்த இன்னொரு முனைய பிடிக்கறது என் வேலை. பன்னெண்டு மடங்கு பெருசாக்கியும் தெருக்கோடில நின்னு பாத்தா ஆளு யாருன்னு கொழந்தையும் சொல்லும். ஜாடை ஒரு நூல் தப்பினாலும் ரசிகர் மன்றத்து ஆளுங்க சாரத்துக்கு கீழயே வந்து நின்னுடுவாங்க, அப்பா அத அழிச்சு திரும்பப் போடுவாரு.

ஃப்ளெக்ஸ் வந்தப்புறம் அந்த தொழிலே போச்சு, அது வேற கதை. ஆனா கட்டம் போடுறத ஏமாத்து வேலைன்னு யாரும் சொல்லாதீங்க, ஒரு தலைமுறையே அதுல சோறு தின்னுருக்கு.

கரிக்கட்டி
@பிரஷ்_மகன் ஏமாத்துன்னு நான் சொல்லவே மாட்டேன் அண்ணே. உங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு கட்டம் ஒரு வசதிதான், கண்ணு ஏற்கனவே பழகியிருந்துச்சு. புதுசா கத்துக்கறவங்க கட்டத்துலயே ஆரம்பிச்சா ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் இருக்கற கோட்ட நகல் எடுக்க பழகிடறாங்க, அப்புறம் எதிர்ல ஆளு உக்காந்தா கை ஓடாது. எனக்கு அப்படித்தான் ஆச்சு, ரெண்டு வருஷம் கட்டம் போட்டே வரைஞ்சேன், பாக்கறவங்க போட்டோ மாதிரியே இருக்குன்னாங்க, ஒரு நாள் ஊர்ல தாத்தா திண்ணைல உக்காந்திருந்தத நேர்ல வரையலாம்னு நோட்ட தொறந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

பிரஷ்_மகன்
அதுல நியாயம் இருக்கு. ஆனா ஏழு தடவ போட்டும் ஜாடை வரலங்கறவங்களுக்கு ஒரே ஒரு தடவையாவது வரணும் தம்பி, இல்லன்னா மனசு விட்டுப் போயிரும். ஒரு தடவ கட்டம் போட்டு அம்மாவ கொண்டு வரட்டும், எங்க மாறுதுன்னு கண்ணுக்கு தெரிஞ்சிரும், அப்புறம் கட்டத்த விட்டுரட்டும்.

யாழ்_நிழல்
செல்வி அக்கா, நான் செய்யிறது என்னெண்டால், வரைஞ்சு முடிய முதலே படத்தை கண்ணாடிக்கு முன்னால பிடிச்சுப் பார்ப்பன். இடம் வலம் மாறித் தெரியேக்க, நேராப் பார்க்கேக்க பிடிபடாத பிழை எல்லாம் சட்டெண்டு தெரியும். ஒரு கண் சரிஞ்சு கிடக்கும், வாய் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். இரவு வரைஞ்சதை காலமை தேத்தண்ணியோட இருந்து பார்க்கிறதும் நல்லது, கண் களைச்சுப் போயிருக்கேக்க எல்லாம் சரி போலத்தான் இருக்கும்.

சேலம்_செல்வி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டுட்டேன். நெத்தி 4.8 செமீ, புருவத்துலருந்து மூக்கு அடி 5.2, மூக்கு அடிலருந்து தாடை 4.9. என் படத்துல மூணுமே 5. பெருசா வித்தியாசம் இல்லயே, 2 மில்லிமீட்டர்தானே. கட்டம் போட்டும் பாத்தேன் அண்ணா, போட்டோ மாதிரியே வந்துச்சு, ஆனா எதிர்ல உக்காந்திருக்கற அம்மா மாதிரி இல்ல. சொல்லப்போனா போட்டோவுலயே அம்மா கொஞ்சம் சித்தி மாதிரித்தான் தெரியறாங்க, இப்பத்தான் அத கவனிச்சேன், அதுலருந்து இன்னும் கொழப்பமாயிருச்சு.

டிராயிங்மாஸ்டர்
அம்மா செல்வி, நான் முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில ஓவிய ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். லோயர், ஹையர்னு கவர்ன்மெண்ட் டெக்னிக்கல் எக்ஸாமுக்கு நிறைய பிள்ளைகள தயார் பண்ணியிருக்கேன். உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். ஒரு கேள்வி கேக்கறேன், தப்பா நினைக்க வேண்டாம். போட்டோ பகல்ல எடுத்தது, படம் ராத்திரி வரைஞ்சது, சரிதானே? அம்மாவுக்கு பல் செட் உண்டா?

சேலம்_செல்வி
சார்!! உண்டு சார். ஆறு வருஷமா கட்டியிருக்காங்க, மேலயும் கீழயும். ராத்திரி சாப்பிட்டதும் கழட்டி டம்ளர்ல தண்ணில போட்டு வெச்சிருவாங்க. போட்டோ எடுத்தன்னிக்கு போட்டிருந்தாங்க, நான் தினம் வரையறது கழட்டினப்புறம்தான்.

டிராயிங்மாஸ்டர்
அப்போ விஷயம் அங்கதான் இருக்கு. பல் இல்லாதப்போ கீழ்த்தாடை மேல ஏறி வரும், மூக்கு அடிக்கும் தாடைக்கும் இருக்கற தூரம் குறைஞ்சு போகும். உதட்டுக்குப் பின்னால முட்டுக் கொடுக்க பல் இல்லாததால மேல் உதடு உள்ள மடங்கும், சிவப்புப் பகுதி மெல்லிசாகி ஒரு கோடு மாதிரி நிக்கும், அதுலருந்து மேல மூக்கப் பாத்து சின்னச் சின்ன செங்குத்துச் சுருக்கம் ஓடும். கன்னம் குழியும், தாடை முனை முன்னால வரும். வயசாக ஆக மூக்கு நுனி இறங்கும், அதனால நடுப்பங்கு நீளமாத் தெரியும். நீங்க எதிர்ல உக்காந்திருந்த மொகத்த விட்டுட்டு கத்துக்கிட்ட மூணு சம பங்க நம்பி, மூணாவது பங்குக்கு 5 சென்டிமீட்டர் கொடுத்துட்டீங்க. அதாவது அம்மாவுக்கு பல்ல திருப்பிக் கொடுத்துட்டீங்க. பல்லோட இருக்கற அம்மாதான் உங்க சித்தி வயசு அம்மா.

இனிமே ஸ்கேல எடுத்து வெச்சிடுங்க. கைய முழுசா நீட்டி, முழங்கை மடங்காம, ஒரு கண்ண மூடிக்கிட்டு பென்சில செங்குத்தா பிடிங்க. பென்சில் முனை புருவத்துல, கட்டைவிரல் நகம் மூக்கு அடில. அந்த நீளத்த அப்படியே கீழ இறக்கி மூக்கு அடில வெச்சா தாடை எங்க முடியுதுன்னு பாருங்க. நகத்துக்கு மேலயே முடியும். எவ்வளவு மேலங்கறதுதான் உங்க அம்மா.

ராத்திரி_ரயில்
சார் சொன்னத படிச்சிட்டு உடம்பு சிலிர்த்துருச்சு. நான் தாம்பரம் பீச் எலக்ட்ரிக் ட்ரெயின்ல தினமும் போய் வர்றவன், சின்ன பாக்கெட் நோட்ல எதிர் சீட்டு ஆளுங்கள வரையறேன், நாலு வருஷமாச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு ஸ்டேஷன்தான் கிடைக்கும், அதுக்குள்ள எறங்கிருவாங்க, அதனால கண்ணு மூக்குன்னு போக நேரமே இருக்காது, தலையோட மொத்த வடிவம், கழுத்து எந்த சாய்வுல தோள்ல எறங்குது, தாடைக்கு கீழ நிழல் எவ்வளவு, இத மட்டும் போடுவேன். ஆச்சரியம் என்னன்னா கண்ணே போடாத படத்துலயும் ஆளு தெரிவாங்க. நம்ம வீட்டு ஆளு தெருமுனைல வர்றத மொகம் தெரியறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கறோம்ல, அதே மாதிரிதான். செல்வி மேடம், அம்மாவ வரையறப்ப மொதல் அஞ்சு நிமிஷம் கண்ண பாதி மூடி வெளிச்சம் இருட்டு ரெண்டு திட்டா மட்டும் பாருங்க, குழி விழுந்த கன்னம் தானா வந்து நிக்கும்.

ட்ரெயின்ல வரையறவங்களுக்கு ஒரு வார்த்தை, யாராவது பாத்துட்டா நோட்ட மூடி மறைக்காதீங்க. ஒரு தடவ ஒரு அக்கா என்ன எழுதறேன்னு கோவமா கேட்டாங்க, நோட்ட அவங்க கைலயே குடுத்துட்டேன், வேண்டாம்னா கிழிச்சிருங்கன்னேன். அவங்க கிழிச்சிட்டாங்க. அது அவங்க மொகம், அவங்க உரிமை. அதுலருந்து முழிச்சிட்டு இருக்கறவங்க கிட்ட கேட்டுட்டுத்தான் வரையறேன், பாதி பேரு சரிங்கறாங்க.

செம்மண்
எல்லாரும் அளவு பத்தியே பேசறீங்க, நிழல் பத்தி நான் சொல்றேன், ஏன்னா இதுல நான் ரொம்ப வருஷம் அழுதிருக்கேன். எங்க வீட்ல எல்லாரும் நல்ல கருப்பு. நான் பாத்த வீடியோ எல்லாத்துலயும் மாடல் வெள்ளைத்தோல், பேப்பரோட வெள்ளையே தோல், நிழல் விழற எடத்துல மட்டும் பென்சில். அத பாத்து எங்க அப்பாவ வரைஞ்சா அப்பா செவப்பாயிடுவாரு, சரின்னு மொகம் பூரா 6பி (ரொம்ப கருப்பா விழற பென்சில்) வெச்சு தேய்ச்சா கரி பூசின மாதிரி அழுக்காயிடுவாரு. ரெண்டும் அப்பா இல்ல.

அப்புறம்தான் புரிஞ்சுது. கருப்பு தோல்ல பளபளப்புதான் உருவத்தையே சொல்லுது. நெத்தி மேடு, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, கீழ் உதடு, அங்க விழற வெளிச்சம் சின்னதா, கூர்மையா, ஓரம் தெளிவா இருக்கும். பக்கத்துல ஜன்னல் நீலமா இருந்தா அந்த பளபளப்பும் லேசா நீலம் காட்டும். அதனால நான் இப்ப வெள்ளை பேப்பர்ல வரையறதே இல்ல, ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போடுற பிரவுன் ஷீட்ட எடுத்து சொரசொரப்பா இருக்கற பக்கத்த திருப்பிப்பேன். அந்த பிரவுன்தான் தோல். நிழலுக்கு 4பி, வெளிச்சத்துக்கு வெள்ளை கலர் பென்சில், அதையும் மொத்த மொகத்துல நாலஞ்சு எடத்துக்கு மேல வெக்கறதில்ல. மொதல் தடவ இப்படி போட்டு அப்பாவோட கன்ன எலும்புல அந்த ஒரு வெள்ளைய வெச்சப்ப, சமையல்கட்டுலருந்து எட்டிப் பாத்த அம்மா "அட, அவரேதான்"னாங்க. பிரவுன் ஷீட்டு ரொம்ப வருஷம் தாங்காது, பழுத்து ஒடியும், பத்திரமா வெச்சுக்க வேண்டியத நல்ல டோன்ட் பேப்பர்ல (வெள்ளையா இல்லாம ஏற்கனவே நெறம் இருக்கற டிராயிங் பேப்பர்) போடுங்க. பழகறதுக்கு இது போதும், ஒரு ரோல் வாங்கினா மாசக்கணக்குல வரும்.

இன்னொண்ணு, கண்ணு வெள்ளைய வெள்ளையா விடாதீங்க. அது உருண்டை, மேல் இமையோட நிழல் அது மேல விழும். கருவிழிக்கு மேல் பக்கத்த இமை கொஞ்சம் மூடியிருக்கும், முழு வட்டமா போட்டா பயந்து முழிக்கற மாதிரி ஆயிடும்.

கரிக்கட்டி
@செம்மண் இத தனி இழையா போடுங்க, நெறய பேருக்கு வேணும். கூட ஒண்ணு சேத்துக்கறேன், நிழல விரலால தேய்க்காதீங்க, கைல இருக்கற எண்ணெய் பேப்பர்ல ஏறி அந்த எடம் அழிக்கவும் முடியாது, மேல பென்சிலும் ஒட்டாது. டிஷ்யூ, இல்லன்னா பட்ஸ் வெச்சுக்கோங்க.

புதுக்கை
நானும் கத்துக்கறேன், சென்னைல இருக்கேன், எங்க வீட்ல யாரும் உக்காந்து குடுக்க மாட்டேங்கறாங்க. காசு குடுத்து கிளாஸ் போற நெலமைல இல்ல. என்ன பண்ணலாம்?

டிராயிங்மாஸ்டர்
சிலை கிட்ட போங்க தம்பி. சிலை அசையாது, காசு கேக்காது. மெரினாவுல உழைப்பாளர் சிலை இருக்கு, 1959ல வெச்சது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர் அவர். அந்தக் கல்லூரி 1850ல ஆரம்பிச்சது. காலைல ஆறரை மணிக்குப் போனா கடல் பக்கத்துலருந்து வெயில் சாய்வா வரும், அந்த நாலு பேரோட மொகத்துலயும் கழுத்துலயும் எங்க தளம் (மேற்பரப்பு) திரும்புதோ அங்க நிழல் கத்தி வெச்ச மாதிரி வெட்டும். பத்து மணிக்கு மேல போகாதீங்க, வெயில் உச்சிக்கு ஏறினா அந்தத் தெளிவு இருக்காது. எழும்பூர் மியூசியத்துலயும் கல்லுச் சிலைகள் நிறைய இருக்கு.

கோட்ட மட்டும் வெச்சு மொகம் எப்படி நிக்கும்னு பாக்கணும்னா ஓவியர் ஆதிமூலம் 1969ல காந்தி நூற்றாண்டுக்குப் போட்ட காந்தி கோட்டோவியங்களத் தேடிப் பாருங்க. மொகத்துல பாதிக்கு மேல எதுவுமே போட்டிருக்க மாட்டார் சில படத்துல. எத விட்டார்னு பாத்தீங்கன்னா நிறைய கத்துக்கலாம்.

பிரஷ்_மகன்
கண்ணாடி முன்னாடி உக்காந்து உங்களயே வரைங்க தம்பி, அந்த ஆளு எப்ப கூப்பிட்டாலும் வருவாரு. டேபிள் லைட்ட ஒரு பக்கமா வெச்சுக்கோங்க, ரெண்டு பக்கமும் வெளிச்சம் இருந்தா மூக்கே தெரியாது.

சேலம்_செல்வி
பதினாலு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், வருஷ முடிவு கணக்கு, பேங்க்ல ராத்திரி எட்டாயிருது.

மாஸ்டர் சார் சொன்ன மாதிரி பென்சில நீட்டிப் பிடிச்சு பாத்தேன். புருவம் டு மூக்கு அடிய கீழ இறக்கினா தாடை என் நகத்துக்கு ரொம்ப மேலயே முடிஞ்சிருது சார், நடுப்பங்குல அஞ்சுல நாலு பங்குதான் வருது கீழ்ப்பங்கு. இத்தன நாளா எதிர்ல உக்காந்து தினமும் பாத்திட்டிருந்தும் கண்ணுல படவே இல்ல. எட்டாவது படத்துல மொதல்ல தாடைய அங்க வெச்சேன், அப்புறம்தான் மத்ததெல்லாம். உதட்ட கோடா போடல, உள்ள மடங்கற எடத்துல நிழல் மட்டும் வெச்சேன், மேல இருக்கற சுருக்கம் ஒவ்வொண்ணையும் போட்டா கம்பி வேலி மாதிரி ஆகுதுன்னு தெரிஞ்சுது, அழிச்சிட்டு மூணே மூணு விட்டேன். பொட்டு எனக்கு பெரிய உதவி, மொகத்தோட நடுக்கோடு எங்கன்னு அது காட்டிக் குடுத்துருது, தலைய கொஞ்சம் திருப்பினாலும் பொட்ட வெச்சே மூக்கு எந்தப் பக்கம் போகணும்னு தெரியுது. எடது இமை வலதை விட எறங்கியிருக்குன்னு கண்ணாடில பிடிச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது, அது என் தப்புன்னு நெனச்சு திருத்தப் போனேன், நிமிந்து பாத்தா அம்மாவுக்கே அப்படித்தான்.

காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் "எங்க அம்மா மாதிரி இருக்கேன்"னு சொல்லிட்டு அவங்க ரூம்ல கொண்டு போய் வெச்சுக்கிட்டாங்க. எங்க பாட்டி நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டாங்க, ஒரு போட்டோ கூட வீட்ல இல்ல.

அடுத்த நாள் ஒம்பது மணிக்கு பாத்தா தலை சீவி, பூ வெச்சு, பல் செட்டும் போட்டுட்டு வந்து உக்காந்திருந்தாங்க, இப்படியும் ஒண்ணு போடுன்னு. இதோ ஒம்பதாவது ஓடிட்டிருக்கு.

டிராயிங்மாஸ்டர்
ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்துப் போடுங்கம்மா. எட்டாவதுல தேதி எழுதினீங்களா? இல்லன்னா இன்னைக்கே எழுதிடுங்க, கீழ ஓரத்துல, எச்பி பென்சில்ல.

சேலம்_செல்வி
எழுதிட்டேன் சார். ஒரு கேள்வி இருக்கு. அம்மாவுக்கு காது ஓட்டை தோடு போட்டு போட்டு நீளமா இழுத்து, மடல் கீழ தொங்குது, தோடோட கனத்துல கொஞ்சம் முன்னால திரும்பியும் இருக்கு. புருவத்துலருந்து மூக்கு அடி வரைக்கும் காதுன்னு படிச்சதெல்லாம் இங்க ஒத்தே வரல, மூக்கு அடிக்கும் கீழ வந்துருது. அந்த ஓட்டைய கருப்பா நிரப்பினா மச்சம் மாதிரி தெரியுது. எப்படி போடறது?

செம்மண்
ஓட்டைய கருப்பாக்காதீங்க மேடம். அது கீறல் மாதிரி, அதோட மேல் ஓரம் மட்டும் அழுத்தம், கீழ் ஓரத்துல மெல்லிசா ஒரு வெளிச்சம். ஓட்டை வழியா பின்னால கழுத்து தெரியுதா பாருங்க, தெரிஞ்சா கழுத்தோட நிழல் எவ்வளவு இருக்கோ அதே அளவு உள்ளயும். தோட கழட்டச் சொல்லி ஒரு தடவ, போட்டுக்கிட்டு ஒரு தடவ வரைஞ்சு பாருங்க. மடலோட கனம் ரெண்டுலயும் வேற மாதிரி விழும்.